லாட்ஜ் வீட்டுப் பிள்ளைக்குச் சுற்றுலாப் படிப்பு எதற்கு?

கேள்வியின் சுருக்கம் இது: கேட்டவர் நாகர்கோவிலில் பி.காம். முடித்த இளைஞர். அப்பா கன்னியாகுமரியில் சின்ன லாட்ஜ் நடத்துகிறார். இவருக்கு நீடித்த சுற்றுலா மேலாண்மையில், அதாவது ஊரையும் இயற்கையையும் கெடுக்காமல் சுற்றுலா நடத்தும் படிப்பில், முதுநிலைப் பட்டம் பெற ஆசை. "ரூம் சாவி எடுத்துக் கொடுக்க எம்.பி.ஏ. எதற்கு?" என்கிறார் அப்பா. எங்கே சேரலாம், வெளிநாடு போகலாமா, படித்தால் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. சுற்றுலா எம்.பி.ஏ. என்ற பெயரில் நம் நாட்டில் நடப்பவற்றில் பெரும்பகுதி பயண வணிகப் படிப்புதான். விமான டிக்கெட், விசா நடைமுறை, டூர் பேக்கேஜுக்கு விலை போடுவது, ஓட்டல் வரவேற்பறை வேலை, விளம்பரம். எல்லாம் பயனுள்ளவையே. ஆனால் லாட்ஜ் நடத்துகிறவர் இதில் பாதியை அனுபவத்திலேயே கற்றிருப்பார். நீடித்த சுற்றுலா என்பது பெரும்பாலும் எங்கோ ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு தாளாக வந்து போகும். நீடித்த வளர்ச்சிக்கு 1987-ஆம் ஆண்டின் புருண்ட்லாண்ட் அறிக்கை (ஐ.நா. ஆணையத்தின் அறிக்கை) தந்த வரையறையை மனப்பாடமாக எழுதினால் மதிப்பெண் விழுந்துவிடும். அதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

கற்க வேண்டியது கூட்டத்தையும் தண்ணீரையும் குப்பையையும் பணத்தையும் அளக்கிற வித்தை. அளந்த கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளாட்சி, வனத்துறை, மீனவர்கள், கடைக்காரர்கள் ஆகியோரோடு உட்கார்ந்து பேசத் தெரிவது அதன் இன்னொரு பாதி. எந்தப் படிப்பு இவற்றைக் கற்றுத்தருகிறதோ அதில் சேருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் ஊரே போதும்.

விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970-இல் திறக்கப்பட்டது. 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று. இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று. மூன்றும் கடலுக்குள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மூன்றுக்கும் போக ஒரே படகுத்துறைதான். ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் 1980-இல் சுற்றுலாத் தலங்களின் ஆயுள் வளைகோட்டை வரைந்து காட்டினார்: ஓர் ஊர் கண்டுபிடிக்கப்படும், வளரும், தேங்கும், பிறகு சரியும், அல்லது புதிதாக ஓர் ஈர்ப்பைக் கட்டி மறுபடி எழும். கன்னியாகுமரி இரண்டு முறை அப்படி எழுப்பப்பட்ட ஊர். ஒவ்வொரு முறையும் புதிய ஈர்ப்பை அதே முனையில்தான் வைத்தோம். சபரிமலை சீசனில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை படகுத்துறை வரிசை எங்கே போய் முடிகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே நாளில் மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் சிதறால் மலையிலும் என்ன கூட்டம் இருக்கும்? வட்டக்கோட்டையில்? வருகிறவர்களில் பலர் முந்தின இரவு வந்து, விடியலில் சூரிய உதயம் பார்த்து, பாறைக்குப் போய்த் திரும்பி, மதியம் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ கிளம்பிவிடுகிறவர்கள். உங்கள் லாட்ஜில் அறை ஓர் இரவுக்கு விலைபோகிறது. படுக்கை விரிப்பை மட்டும் தினமும் துவைக்க வேண்டியிருக்கிறது. அதே விருந்தினர் இரண்டாவது இரவும் தங்கி மறுநாள் திற்பரப்புக்கும் பத்மநாபபுரத்துக்கும் போனால், ஊருக்குள் வரும் ஆட்களின் எண்ணிக்கை கூடாமலே வருமானம் கூடும். கூட்டத்தை இடத்தாலும் நேரத்தாலும் பரப்புவது எப்படி என்பதுதான் உங்கள் மாவட்டத்தின் முதன்மையான மேலாண்மைக் கேள்வி. விளம்பரப் பலகை இன்னும் நாலு வைப்பதால் இதற்கு விடை வராது.

அளப்பது என்றால் என்னவென்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் தாங்குதிறனை, அதாவது ஒரு நாளில் எத்தனை பேரை இடம் தாங்கும் என்பதை, கணக்கிட 1992-இல் சிஃபுவென்டெஸ் என்பவர் கொடுத்த முறையை இன்றும் வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். அது மூன்று படிகளாகப் போகும். கண்ணாடிப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இதில் பாதிதான் நடக்கவும் நிற்கவும் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 385 சதுர மீட்டர். ஓர் ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்றால் ஒரே நேரத்தில் 192 பேர். படகு காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை, ஒருவர் பாலத்தில் இருப்பது 15 நிமிடம் என்றால் ஒரு நாளில் 32 சுற்று. 192-ஐ 32-ஆல் பெருக்கினால் 6,144. இது முதல் படி: இடம் தாங்கும் எண்ணிக்கை.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்; அறிக்கையிலும் இந்த எண்ணே போகும். இரண்டாம் படியில் இயற்கை கழிக்கிறதைக் கழிக்க வேண்டும். கடல் கொந்தளித்தோ உள்வாங்கியோ படகு நிற்கிற நாட்கள், காற்று வேகம், உச்சி வெயில். பத்தில் ஒரு பங்கு போகிறது என்று வைப்போம்: சுமார் 5,530. மூன்றாம் படியில் நிர்வாகத்தின் சக்தி. தேவையான கழிப்பறை, குடிநீர், பாதுகாவலர், உயிர்காப்பு அங்கி, படகு இருக்கைகளில் நூற்றுக்கு அறுபதுதான் உண்மையில் இருக்கிறது என்றால் விடை சுமார் 3,300-க்கு இறங்கிவிடும். நான் போட்டவை உதாரண எண்கள். பாலத்தின் மேல் டேப் பிடித்து அளந்தவை அல்ல. இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டில் அந்த எண்களை உண்மையாக்குவதுதான் உங்கள் வேலை. ஒன்று கவனியுங்கள்: 6,144-க்கும் 3,300-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கைத் தீர்மானிப்பது பாலம் அல்ல, கழிப்பறையும் குடிநீர்க் குழாயும். மேலாண்மை என்பதன் பொருள் அங்கேதான் பிடிபடும். தாங்குதிறன் என்று ஒற்றை எண்ணைச் சொல்வதே தவறு, எவ்வளவு மாற்றத்தை ஊர் ஏற்றுக்கொள்ளும் என்று கேட்க வேண்டும் என வாதிடுகிறவர்களும் உண்டு. நல்ல ஆசிரியர் இரண்டையும் வகுப்பில் மோதவிடுவார்.

ஊர் ஏற்றுக்கொள்வது பற்றி டாக்சி என்ற ஆய்வாளர் 1975-இல் சொன்னதும் பாடத்தில் வரும். பயணிகள் வருவதில் ஊர்க்காரர்களுக்கு முதலில் மகிழ்ச்சி, பிறகு அலட்சியம், பிறகு எரிச்சல், கடைசியில் பகை. முட்டம், சின்னமுட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதை வைத்துப் பேசிப்பார்த்தால், பாடப்புத்தகத்தின் நாலு கட்டமும் ஒரே தெருவில் ஒரே நாளில் இருக்கும். அறை வாடகைக்கு விடுகிறவருக்கு மகிழ்ச்சி. வலை உலர்த்தும் மணலில் கார் நிறுத்தப்பட்டவருக்குப் பகை. 2004 சுனாமியும் 2017 ஒக்கி புயலும் பார்த்த கரை இது. சுனாமி அன்று விவேகானந்தர் பாறையில் பயணிகள் சிக்கிக்கொண்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். பேரிடர் மேலாண்மை இல்லாத சுற்றுலாப் பாடத்திட்டம் நமக்கு அரைப் பாடத்திட்டம்தான்.

சரி, எங்கே படிப்பது?

முதலில் அருகிலிருந்து. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சுற்றுலா, பயணக் கல்வி நிறுவனம் இருக்கிறது, சுருக்கமாக கிட்ஸ். 1988-இல் தொடங்கியது. கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் எம்.பி.ஏ. நடத்துகிறது. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அது பொறுப்புச் சுற்றுலாவை அரசுக் கொள்கையாகவே நடத்திப்பார்த்த மாநிலத்தில் இருக்கிறது என்பது. கேரளம் 2008-இல் கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு என்று நான்கு இடங்களில் சோதனை தொடங்கியது. குமரகத்தில் விடுதிகளுக்கு வேண்டிய காய்கறியைச் சுற்றுவட்டாரக் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் விளைவித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். சொல்ல எளிது. விடுதிச் சமையல்காரருக்கு நாள்தோறும் ஒரே அளவு, ஒரே தரம் வேண்டும்; தோட்டத்துக்கு மழை உண்டு, பூச்சி உண்டு. விலையை யார் தீர்மானிப்பது, சரக்கு குறைந்தால் என்ன செய்வது என்று குழு வைத்துப் பேசித்தான் அது ஓடியது. ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருது வந்தது. 2017-இல் இதற்கென்றே தனி இயக்கமாக பொறுப்புச் சுற்றுலா மிஷனை அமைத்தார்கள். அந்த அனுபவத்தை நேரில் பார்த்தவர்களிடம் படிப்பது பெரிய வாய்ப்பு.

அடுத்து, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள இந்தியச் சுற்றுலா, பயண மேலாண்மை நிறுவனம். 1983-இல் தொடங்கியது, தலைமை வளாகம் குவாலியரில், தெற்கே நெல்லூரில் ஒரு வளாகம். அரசுத் திட்டங்களோடு நெருக்கம் அதிகம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சுற்றுலாத் துறையும் நல்ல பெயர் எடுத்தது. ஆராய்ச்சிப் பக்கம் சாய்வு உள்ளவர்களுக்கு அதைச் சொல்வேன். லாட்ஜை விட்டு நகர முடியாது என்றால் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் முதுநிலைச் சுற்றுலாப் பட்டம் இருக்கிறது. தொலைநிலைதானே என்று இளக்காரம் வேண்டாம். கையில் ஒரு தொழில் இருக்கிறவருக்கு அந்தப் பாடத்தை அன்றன்றே சோதித்துப்பார்க்க இடம் இருக்கிறது. விடுதி அறையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது இல்லை. நுழைவுத் தேர்வு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் சேர்வதற்கு முன் அங்கே படிக்கிற ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்: களப்பணிக்கு எத்தனை வாரம்? போன ஆண்டு ஆய்வேடுகளின் தலைப்புகள் என்ன? "வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு" என்றே முக்கால்வாசி இருந்தால் வேறு இடம் பாருங்கள். ஐம்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, நூற்றுக்கு எழுபது பேர் திருப்தி என்று வட்டப் படம் போடுகிற அந்த வகை ஆய்வேடு யாருக்கும் எதையும் சொல்வதில்லை. புள்ளியியல் தாள் கட்டாயமா, புவியியல் தகவல் அமைப்பு என்கிற வரைபட மென்பொருள் சொல்லித்தருகிறார்களா, கடற்கரையில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பாடத்தில் இருக்கின்றனவா என்பதும் கேட்க வேண்டியவை. கடற்கரையில் தொழில் செய்கிற வீட்டிலிருந்து போய், 2011-க்கும் 2019-க்கும் இடையில் அந்த விதி எப்படி மாறியது என்று தெரியாமல் பட்டம் வாங்கி வருவது வெட்கக்கேடு.

வெளிநாடு பற்றி. ஐரோப்பாவில் தெற்கு டென்மார்க், லுப்லியானா, ஜிரோனா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகிற எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டுப் படிப்புத் திட்டம்) சுற்றுலா மேலாண்மைப் படிப்பு இருக்கிறது. மாணவர்கள் நாடு விட்டு நாடு போய்ப் படிக்கிறார்கள். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் சுற்றுலா, சமூகம், சுற்றுச்சூழல் மூன்றையும் சேர்த்த முதுநிலை அறிவியல் படிப்பு உண்டு. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உதவித்தொகை கிடைத்தால் யோசிக்காமல் கிளம்புங்கள். லாட்ஜை அடமானம் வைத்துப் போகிற யோசனை இருந்தால், இப்போது வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு விண்ணப்பித்தால் உதவித்தொகைக் குழுவிடம் சொல்ல உங்களுக்கு ஏதாவது இருக்கும்.

பட்டத்துக்கு வெளியே தொழில்முறைச் சான்றிதழ்களும் இருக்கின்றன. உலக அளவில் நீடித்த சுற்றுலாவுக்கு அளவுகோல் வகுப்பது ஜி.எஸ்.டி.சி. என்ற குழுமம். மேலாண்மை, சமூகப் பொருளாதாரம், பண்பாடு, சுற்றுச்சூழல் என்று நான்கு தூண்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஓட்டல்களுக்குத் தனி, தலங்களுக்குத் தனி. தலங்களுக்கான இரண்டாம் பதிப்பு 2019-இல் வந்தது. பயிற்சி வகுப்பும் தேர்வும் நடத்தித் தனிநபர் சான்றிதழ் தருகிறார்கள். அளவுகோல் ஆவணம் இணையத்தில் இலவசம். பணம் கட்டுவதற்கு முன் அதைத் தரவிறக்கி, ஒவ்வொரு வரியையும் உங்கள் லாட்ஜுக்குப் பொருத்திப்பாருங்கள். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: அந்தக் குழுமம் ஓட்டலுக்கு நேரடியாகச் சான்று தருவதில்லை, சான்று தருகிற நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. "உங்களுக்கு ஜி.எஸ்.டி.சி. சான்று வாங்கித் தருகிறோம்" என்று ஏஜென்ட் யாராவது வந்தால் எந்தச் சான்று நிறுவனம் என்று கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

வேலை. நேராகச் சொல்கிறேன்: நீடித்த சுற்றுலா மேலாளர் என்ற பெயர்ப் பலகையோடு வேலைகள் குறைவு. சுற்றுலாத் துறை அரசுப் பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு அபூர்வமாகத்தான் வருகிறது. அதை நம்பி உட்கார வேண்டாம். கல்லூரி ஆசிரியராக விரும்பினால் யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுலா நிர்வாகம் தனிப் பாடமாகவே இருக்கிறது. சுதேச தரிசனம் போன்ற மத்தியத் திட்டங்களுக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. அத்திட்டத்தின் முதல் கட்டத்தில் தமிழ்நாட்டுக் கடலோரச் சுற்று சென்னையில் தொடங்கி மாமல்லபுரம், ராமேசுவரம், மணப்பாடு வழியாகக் கன்னியாகுமரியில்தான் முடிந்தது.

பி.காம். படித்தவருக்கு எனக்கு அதிகம் பிடித்த வழி இன்னொன்று. பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் எரிசக்தி, தண்ணீர், கழிவு, தொழிலாளர் விவரங்களைப் பொறுப்பறிக்கையாகத் தர வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது. பெரிய ஓட்டல் நிறுவனங்களும் இதில் வருகின்றன. இத்தனை அறைகளில் இத்தனை ஆயிரம் லிட்டர் என்று யாரோ ஒருவர் கணக்கு வைத்து, தணிக்கைக்குக் காட்ட வேண்டும். கணக்குப்பதிவும் தெரிந்து, ஓட்டலின் சலவைக்கூடமும் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. கவர்ச்சியான வேலை கிடையாது. மீட்டர் படிப்பதும் எக்செலும்தான். ஆனால் சம்பளம் வரும், வேலையும் நிலைக்கும்.

ஆய்வேட்டுக்கு உங்கள் மாவட்டத்தை விட்டு எங்கும் போக வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோது வந்த ஏற்பாடு. டிக்கெட் பணம் ஒரு மாநிலத்துக்கு. வெளியே சாலை, குப்பை, வாகன நெரிசல் இன்னொரு மாநிலத்தின் நகராட்சிக்கு. வருவாயும் செலவும் இரண்டு அரசுகளிடம் பிரிந்து கிடக்கிற இப்படி ஒரு தலம் இந்தியாவில் எளிதில் கிடைக்காது. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அங்கே பறவை பார்க்க ஆட்களை அழைத்து வருவதா, எத்தனை பேரை, குளத்துப் பாசன விவசாயிக்கு அதில் என்ன பங்கு? முனையில் விற்கிற சிப்பி, சங்குக் கடைகளும் ஒரு தலைப்பு: நாட்டிலஸ் போன்ற சில இனங்களுக்கு வனவுயிர்ச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, கடைக்காரருக்கோ அதுவே பிழைப்பு. புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழமும் நாகர்கோவில் கோயில் நகையும் தங்கும் விருந்தினரின் பையில் எவ்வளவு ஏறுகின்றன, அவர் செலவழித்த நூறு ரூபாயில் எவ்வளவு மாவட்டத்தில் தங்குகிறது என்று கணக்கெடுத்தாலும் அது முழு ஆய்வு. கேள்வித்தாளை ஆங்கிலத்தில் மட்டும் அச்சடிக்காதீர்கள். வருகிறவர்களில் மலையாளமும் இந்தியும் தெலுங்கும் பேசுகிறவர்கள் ஏராளம்.

சேர்க்கைக்கு இன்னும் சில மாதம் இருக்கும். அதற்குள் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர். தினமும் ஒரே நேரத்தில் அதையும் கரன்ட் மீட்டரையும் குறியுங்கள். பக்கத்தில் அன்றைக்கு நிரம்பிய அறை, தங்கிய ஆட்கள், துவைத்த விரிப்பு. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்த ரசீதும். மாதக் கடைசியில் ஓர் ஆளுக்கு ஓர் இரவில் எத்தனை லிட்டர் என்று வகுத்துப் பாருங்கள். ஆள் குறைந்த நாளிலும் அளவு இறங்கவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது. அந்த நோட்டை அப்பாவிடம் காட்டிவிட்டு, நேர்காணலுக்கும் எடுத்துப் போங்கள்.